தாளத்துக்குப் பின்னால் வரும் குரல்

ஐஹேட்காட் இசைக்குழுவின் பெரும்பாலான பாட்டுகளில் முதலில் கேட்பது ஃபீட்பேக். ஆம்ப் முன்னால் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி தந்தியை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஆம்புக்குள் போகும், மறுபடி ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும், சுற்றிச் சுற்றி ஊளையாக வளரும். கல்யாண மண்டபத்தில் மைக் திடீரென்று கீச்சிட்டதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறோமே, அதே சங்கதிதான். சவுண்ட் இன்ஜினியர்கள் ஓடிவந்து அமுக்குகிற சத்தம். நியூ ஆர்லியன்ஸ்காரர்களான இவர்களோ அதை அமுக்காமல் வளரவிடுகிறார்கள்.

அந்த ஊளைக்கு நடுவே பாடகர் என்ன செய்ய வேண்டும்? மற்ற மெட்டல் பேண்டுகளில் டிரம்மர் குச்சியால் நான்கு தட்டு தட்டுவார், ஐந்தாவதில் எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள், பாடகருக்கு வேலை சுலபம். இங்கே எண்ணிக்கை கிடையாது, பிடித்துக்கொள்ள ஸ்வரமும் கிடையாது. பாடகர் மைக் வில்லியம்ஸ் அந்த இரைச்சலுக்குள் சும்மா நிற்பார். சில சமயம் ஏதாவது முணுமுணுப்பார், சில சமயம் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, விழுந்து ஒரு சுற்று முடியும்வரை வாயே திறக்க மாட்டார். அந்தச் சும்மா இருத்தலை நான் பல ஆண்டுகளாகக் கவனித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். சென்னையில் மெதுவான மெட்டல் வாசிக்கிற ஒரு பேண்டில் கத்துவது என் வேலை. வீட்டில் இதைப் பாட்டு என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை, அது போகட்டும். கத்துகிறவன் என்ற முறையில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குரல்களில் முதல் இடம் இவருடையது. அந்தக் குரலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவர் பட்ட பாட்டை எழுதுகிறார்களே தவிர, அவர் செய்கிற வேலையை எழுதுவதில்லை. அந்தக் குறை தீரத்தான் இது.

முதலில் ஊரும் பேரும். 1988-இல் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பவர் தொடங்கிய குழு ஐஹேட்காட். டிரம்ஸில் ஜோயி லகேஸ். கொஞ்ச காலத்தில் வில்லியம்ஸ் பாட வந்தார், பின்னால் இரண்டாவது கிட்டாருக்கு சாய்லண்ட் கிரீன் குழுவின் பிரையன் பேட்டன் வந்தார். பேஸ் வாசிப்பவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார், 2000-களில் கேரி மேடர் வந்த பிறகுதான் அந்த நாற்காலி நிலைத்தது. அந்த ஊரில் எல்லோரும் எல்லோருடனும் வாசிப்பார்கள். பவரும் குரோபார் குழுவின் கிர்க் விண்ட்ஸ்டைனும் அதற்கு முன்பே ஷெல் ஷாக் என்ற குழுவில் ஒன்றாக இருந்தவர்கள், பிறகு டவுன் குழுவிலும் சேர்ந்தார்கள், அதில் பவர் டிரம்ஸ் வாசித்தார். ஒருவர் இரண்டு மூன்று குழுவில், இரண்டு மூன்று வாத்தியத்தில். சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிற மாதிரி.

1988 மெட்டலுக்கு வேகத்தின் காலம். இரண்டு ஆண்டு முன்புதான் ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ முப்பது நிமிடத்துக்குள் பத்துப் பாட்டை முடித்துக் காட்டியிருந்தது. அதற்கு எதிர்த்திசையில் நடக்கவும் சிலர் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக், ஹார்ட்கோர் பங்க் குழு, 1984-இல் ‘மை வார்’ ரெக்கார்டின் இரண்டாம் பக்கம் முழுக்க மெதுவான மூன்று பாட்டுகளை இழுத்து வைத்தது. ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்திலிருந்து மெல்வின்ஸ் வந்தார்கள், 1987-இல் ‘குளூயி போர்ச் ட்ரீட்மெண்ட்ஸ்’. இவர்கள் எல்லோருக்கும் மேலே பிளாக் சபாத். இந்த வரிசையை நியூ ஆர்லியன்ஸ் வாங்கிக்கொண்டு, அந்த ஊர் ப்ளூஸை அதில் கரைத்தபோது கிடைத்ததற்குத்தான் பின்னால் ஸ்லட்ஜ் என்று பெயர் நிலைத்தது. தளர்த்திய தந்திகள், காது நிறைய டிஸ்டார்ஷன், மெதுவான ரிஃப், நடுநடுவே திடீரென்று ஹார்ட்கோர் பாய்ச்சல். குரல் மட்டும் கடைசிவரை பங்க் குரல். டூம் மெட்டலில் பாடகர் ராகமாக இழுப்பார், டெத் மெட்டலில் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். ஸ்லட்ஜில் சண்டை போடுகிறவன் குரல் வரும், தொண்டை கிழிந்து.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மெதுவான பாட்டில் கத்துவது வேகமான பாட்டில் கத்துவதைவிடக் கடினம். கணக்குப் போட்டால் புரியும். நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில் நான்கு தட்டு முடிய 1.2 நொடி ஆகும். பாடகருக்கு யோசிக்க நேரமில்லை, டிரம்ஸ் தள்ளிக்கொண்டு போகும். 60 தட்டில் அதே நான்கு தட்டுக்கு 4 நொடி. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு முழு நொடி வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையைப் பார்த்தால் பாடகருக்குப் பயம் வரும். சீக்கிரம் ஏதாவது போட்டு நிரப்பிவிட வேண்டும் என்று தோன்றும். அப்படி அவசரப்பட்டு நிரப்புகிறபோதே பாட்டின் கனம் போய்விடும். ரிஃப் யானை நடை நடக்க, பாடகர் மட்டும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் போல இருப்பார்.

வில்லியம்ஸ் ஓடுவதில்லை. நம் கச்சேரிக் கணக்கில் எடுப்பு என்று ஒன்று உண்டு. தாளம் தொடங்கும் இடத்திலேயே பாட்டும் தொடங்கினால் சமம். தாளத்துக்கு முன்பே பாட்டு வந்துவிட்டால் அதீதம். தாளம் விழுந்து கொஞ்சம் கழித்துப் பாட்டு வந்தால் அனாகதம். இவர் குரல் பெரும்பாலும் அனாகதத்தில் இருக்கிறது. ஆனால் நம்முடையதைப் போல அரை, முக்கால் என்று இடம் குறித்த அனாகதமும் இல்லை. ஒரு சுற்றில் கொஞ்சம் பின்னால் வருவார், அடுத்த சுற்றில் இன்னும் பின்னால். ரிஃப் முன்னே போய்விட்டது, இவர் மெதுவாக எழுந்து வந்து சேர்கிறார் என்று தோன்றும். சரியாக வரியின் கடைசிச் சொல் ஸ்னேர் டிரம்மின் அடியோடு மோதும். தற்செயலாக ஒருமுறை மோதலாம். முப்பது ஆண்டுப் பதிவுகளில் தொடர்ந்து மோதினால் அதற்குப் பெயர் கணக்கு.

இதை அவர் தனியாகச் செய்யவில்லை. லகேஸின் டிரம்ஸ் இல்லாவிட்டால் இந்தக் குரல் நிற்க இடமில்லை. மெட்டல் டிரம்மர்கள் பொதுவாகத் தட்டின் நட்ட நடுவில் அடிக்கப் பயின்றவர்கள், கடிகாரம் போல. லகேஸ் ஸ்னேரை ஒரு மயிரிழை தாமதமாகப் போடுவார். ரிஃப் அதனால் ஆடும், அசையும். பித்தளை வாத்தியங்களோடு தெருவில் ஊர்வலம் போகிற செகண்ட் லைன் மரபு அந்த ஊரில் உண்டு. அந்தத் தெரு டிரம்மர்களின் கையும் இப்படித்தான் ஆடும். அந்தக் காற்றில் வளர்ந்தவர் கை இரும்பாக இருக்காது. 1993-இல் வந்த ‘டேக் ஆஸ் நீடட் ஃபார் பெயின்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பிளாங்க்’, ஏறத்தாழ ஏழு நிமிடம். அதில் வேகம் மாறுகிற இடங்களைக் கேளுங்கள். கிட்டார்கள் மாறுவதற்கு முன் டிரம்ஸ் மூச்சை இழுத்துக்கொள்ளும், குரல் அந்த இடைவெளிக்குள் நுழைந்து உட்காரும். ஒருவர் விட்டுக்கொடுத்த இடத்தில் இன்னொருவர். ஜாம் ரூமில் இதை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மெதுவாக வாசிக்கும்போது ஒருவரை ஒருவர் நம்பாவிட்டால் ஐந்து பேரும் ஐந்து பாட்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

என்னிடம் குரல் பழக வருகிற பிள்ளைகளிடம் வில்லியம்ஸ் பாட்டைப் போட்டுக் காட்டுவது வழக்கம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்.

“அண்ணா, இவர் டெக்னிக்கே இல்லாம சும்மா கத்துறாரு.”

அப்படிச் சொல்வதில் தப்பில்லை. இந்தப் பிள்ளைகள் வீடியோ பார்த்துப் படித்தவர்கள். நம் தொண்டையில் குரல்நாண்கள் இரண்டு, அவற்றுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள். சாதாரணமாகப் பேசும்போது மேலே உள்ளவை ஒதுங்கி இருக்கும். பயின்ற மெட்டல் பாடகர் அவற்றை நெருக்கி அதிரவிட்டு, கீழே உள்ள நாண்களுக்கு அதிகம் அடிபடாமல் பார்த்துக்கொள்கிறார். இன்னொரு வழி ஃப்ரை. காலையில் எழுந்ததும் வருமே அந்தக் கரகரப்பை மூச்சின் அழுத்தத்தால் பெரிதாக்குவது. மெலிசா கிராஸ் என்ற நியூயார்க் குரல் ஆசிரியை 2005-இல் ‘தி ஸென் ஆஃப் ஸ்க்ரீமிங்’ என்று டிவிடி போட்ட பிறகு இதெல்லாம் முறையாகச் சொல்லிக்கொடுக்கிற பாடமாகிவிட்டது. நல்ல காரியம். பல தொண்டைகள் தப்பின.

வில்லியம்ஸ் பாட வந்த காலத்தில் அந்த வகுப்பு இல்லை. அவர் ஹார்ட்கோர் மேடையிலிருந்து வந்தவர், அங்கே குரல் என்றால் எதிரே நிற்பவன் முகத்தில் படும்படி கத்துவது. ஆனால் பிள்ளைகள் டெக்னிக் என்று நினைப்பது ஒலியின் உற்பத்தியை மட்டும். அந்த ஒலியை எங்கே போடுவது, எவ்வளவு நேரம் வைப்பது, எங்கே மூச்சு வாங்குவதைக் காது கேட்கும்படி விடுவது, எந்தச் சொல்லை விழுங்குவது? அதெல்லாம் டெக்னிக் இல்லாமல் என்ன? பொய்க் குரல்நாணை அருமையாக அதிரவிடும் பாடகர்கள் இன்று ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஒரே அழுத்தம், ஒரே நிறம், வரிக்கு வரி வித்தியாசமே இருக்காது. மிக்சியைப் போட்டுவிட்டு அடுக்களையிலிருந்து வெளியே வந்த மாதிரி இருக்கும்.

வில்லியம்ஸிடம் ஒரு வரிக்குள்ளேயே மூன்று குரல் உண்டு. தொடக்கம் கிட்டத்தட்டப் பேச்சு, சலிப்போடு சொல்வது போல. நடுவில் அது ஏறும். முடிவில் உடையும். உடைகிற இடத்தைப் பெரும்பாலான பாடகர்கள் மறைப்பார்கள், ரெக்கார்டிங்கில் வெட்டிவிட்டு வேறு டேக் எடுப்பார்கள். இவர் உடைவதை வரியின் முற்றுப்புள்ளியாக வைத்துவிட்டார். மூச்சு தீர்ந்துபோவதும் அப்படியே. காற்று முடிந்த பிறகும் இரண்டு அசையை வெறும் தொண்டையில் தள்ளுவார். உடம்பில் காற்று இல்லை என்பதைக் கேட்பவர் தன் நெஞ்சில் உணர்கிறார். நான் மேடையில் திருடியிருக்கிற உத்திகளில் இது ஒன்று, சொல்லிவிடுகிறேன்.

வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பாட்டில் கதை இருக்காது, முழு வாக்கியம்கூட அபூர்வம். மருந்துச் சீட்டு, காவல் நிலையப் பதிவேடு, சுவரில் ஒட்டிய நோட்டீஸ், மதப் பிரசாரத் துண்டுத்தாள் இவற்றையெல்லாம் கிழித்துக் கலந்து ஒட்டிய மாதிரி சொற்கள் வரும். ‘டேக் ஆஸ் நீடட் ஃபார் பெயின்’ என்பதே மருந்துப் புட்டியில் ஒட்டுகிற வாசகம்தான். அவர் எழுத்துக்காரரும்கூட: ‘மெட்டல் மேனியாக்ஸ்’ பத்திரிகையில் எழுதினார், ‘கேன்சர் ஆஸ் எ சோஷியல் ஆக்டிவிட்டி’ என்ற நூலும் உண்டு. துண்டுச் சொற்களால் கத்துகிறவருக்கு ஒரு நடைமுறை லாபம் இருக்கிறது. நீண்ட வாக்கியத்தைத் தாளத்தில் பொருத்த வேண்டுமென்றால் தாளத்துக்கு அடிமையாக வேண்டியிருக்கும். இரண்டு மூன்று சொல்லாக வைத்துக்கொண்டால் அவற்றை முன்னும் பின்னும் நகர்த்தலாம். வல்லின மெய்யில் முடிகிற சொல்லை ஸ்னேரோடு சேர்க்கலாம், உயிரில் முடிவதை ஃபீட்பேக்குக்குள் கரைக்கலாம். நான் தமிழில் வரி எழுதத் தொடங்கியபோது இதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். நம் சொற்கள் பெரும்பாலும் உயிரிலோ மெல்லின, இடையின மெய்களிலோ முடிகிறவை. முடிவில் அடி விழாது. ஆகவே அடியைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது, க, ச, த, ப எல்லாம் ஸ்னேர் மேல் விழுகிற மாதிரி.

எல்லோரும் எழுதுகிற கதைக்கு இப்போது வரலாம். போதைப்பழக்கம், வறுமை, சிறை. 1996-இல் வந்த ‘டோப்சிக்’ ஆல்பத்தின் தொடக்கத்தில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்கும், அதையொட்டிய ரத்தக் கதை ஒன்றும் ரசிகர்களிடையே நீளநீளமாகப் போகும். அந்தக் கதையை நான் சொல்லப் போவதில்லை, சொல்லிச் சொல்லித்தான் அந்த ஆல்பத்தின் இசையை மறைத்துவிட்டார்கள். பில்லி ஆண்டர்சன் பதிவு செய்த அந்த ஆல்பத்தில் கிட்டார்களின் இரைச்சலை அவர் சுத்தப்படுத்தாமல் விட்டிருக்கிறார், அதற்கு நடுவிலும் குரல் மூழ்காமல் மேலே நிற்கிறது. ‘டிக்ஸி விஸ்கி’ பாட்டில் ரிஃப் கிட்டத்தட்ட சதர்ன் ராக், ஆட வைக்கும். குரலில் ஆட்டமே இல்லை. இரண்டும் சேர்ந்து வருகிற கசப்புதான் அந்தப் பாட்டு. இதற்கு ரத்தம் எதற்கு?

2005 ஆகஸ்ட் 29-இல் காத்ரீனா புயல் கரையேறியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸின் ஏறத்தாழ எண்பது விழுக்காடு தண்ணீருக்குள் போனது. வில்லியம்ஸ் குடியிருந்த வீடு தீயில் அழிந்தது. ஊரைவிட்டுப் போன அவர் அதே மாநிலத்தின் மோர்கன் சிட்டியில் போதைப்பொருள் வழக்கில் கைதாகிச் சில மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் மறுபடி மேடைக்கு வந்தார். 2012-இல் குழு ஒரே ஒரு பாட்டைத் தனியாக வெளியிட்டது, ‘நியூ ஆர்லியன்ஸ் இஸ் தி நியூ வியட்நாம்’. பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த புதுப்பாட்டு அது, நடுவில் நேரடி நிகழ்ச்சிப் பதிவும் பழைய மிச்சங்களின் தொகுப்பும் வந்திருந்தன. அந்த இடைவெளியில் அவர் கை சும்மா இல்லை. ஃபில் அன்செல்மோ கிட்டாரிலும் மூன்றாம் ஹாங்க் வில்லியம்ஸ் டிரம்ஸிலுமாக ஆர்சன் ஆந்தம் என்ற ஹார்ட்கோர் குழுவில் பாடினார். பிறகு கரெக்‌ஷன்ஸ் ஹவுஸ் என்ற குழுவில் எந்திரத் தாளத்தின்மேல் பேசினார். எந்திரம் பின்னால் சாயாது. அங்கே அவர் குரல் தானே முன்வந்து நிற்க வேண்டியிருந்தது, நின்றது. ஐஹேட்காடில் அவர் பின்னால் வருவது இயலாமையால் இல்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

2013 ஆகஸ்டில் ஜோயி லகேஸ் இறந்தார். ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடிந்து ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், 42 வயதில், மூச்சுக்கோளாறு. புதிய ஆல்பத்துக்கான டிரம்ஸை அவர் அதற்கு முன்பே வாசித்துவிட்டிருந்தார். இறந்துபோன நண்பனின் டிரம்ஸைக் காதில் கேட்டுக்கொண்டு மற்றவர்கள் மேலே வேலையை முடித்தார்கள். 2014 மே மாதம் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு அது வந்தது. பதினான்கு ஆண்டுகளில் முதல் முழு ஆல்பம்.

அதைக் கேட்கிற பலர் அஞ்சலி என்ற கண்ணோடு கேட்கிறார்கள். எனக்கு அதில் கேட்பது கோபமும் நகைச்சுவையும். முதல் பாட்டு ‘அஜிட்டேஷன்! ப்ராபகண்டா!’ சுத்தமான ஹார்ட்கோர் ஓட்டம், மெதுவான குழு என்று நினைத்து உட்கார்ந்தவரைத் தூக்கி எறியும். குரலில் பெரிய மாறுதல். 1990-இல் வந்த முதல் ஆல்பம் ‘இன் தி நேம் ஆஃப் சஃபரிங்’கில் அது உச்சத்தில் கிறீச்சிடும், சொல் ஒன்றும் பிடிபடாது, பதிவும் மோசம். 2014-இல் குரல் கீழே இறங்கியிருக்கிறது, குரைக்கிறது, சொற்கள் காதில் விழுகின்றன. வயதாகி உச்சம் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். போனது உண்மையாகவே இருக்கட்டும். போன இடத்தில் என்ன வைத்தார் என்பதைத்தான் பாடுகிறவன் கவனிக்க வேண்டும். சொல்லை வைத்தார். சொல் கேட்கத் தொடங்கியதும் அவர் தாமதிக்கிற விதமும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இந்தக் குழுவின் சிறந்த குரல் பதிவு எது என்று கேட்டால் நான் இந்த ஆல்பத்தையே சொல்வேன். பழைய ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

லகேஸுக்குப் பின் ஆரன் ஹில் டிரம்ஸுக்கு வந்தார். அவர் லகேஸை நகல் எடுக்கவில்லை, கொஞ்சம் இறுக்கமான கை. ஆனால் தாமதத்தை விடவில்லை.

2016-இல் வில்லியம்ஸின் ஈரல் செயலிழந்தது. அந்த ஆகஸ்டில் சில நிகழ்ச்சிகளை லாம்ப் ஆஃப் காட் குழுவின் ராண்டி பிளைத் வந்து பாடிக்கொடுத்தார். பெரிய அரங்கங்களில் பாடுகிறவர், மூச்சிலும் அழுத்தத்திலும் வில்லியம்ஸைவிடப் பல மடங்கு பலசாலி. நண்பன் இக்கட்டில் இருக்கும்போது வந்து நின்றார், மரியாதையாகச் செய்தார். வரிகள் தாளத்தின் மேல் கச்சிதமாக விழுந்தன. கச்சிதமாக விழுந்ததில் பாட்டு கொஞ்சம் மாறிவிட்டது; ரிஃபும் குரலும் ஒரே திசையில் தள்ளின, நடுவில் இருந்த இழுபறி இல்லை. பிளைத்தைக் குறை சொல்லவில்லை. வில்லியம்ஸ் என்ன செய்கிறார் என்பது அவர் இல்லாதபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

மருத்துவச் செலவுக்கு ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். டிசம்பரில் ஈரல் மாற்று அறுவை நடந்தது. இதைக் கத்துகிறவன் கண்ணால் பார்க்க வேண்டும். ஈரல் இருப்பது உதரவிதானத்துக்கு நேர் கீழே. மாற்று அறுவைக்கு விலா எலும்புகளின் கீழாக, மேல்வயிற்றின் குறுக்கே நீளமாக வெட்டித் திறப்பார்கள். கத்தும்போது காற்றை அளந்து வெளியே தள்ளுகிற தசைகள் அங்கேதான் இருக்கின்றன. மூச்சை உள்ளே இழுத்து விலாவை விரித்து வைத்து, வயிற்றை மெல்ல உள்வாங்கி அழுத்தம் கொடுக்கிற அந்த இடம் முழுக்கத் தையல். கிட்டாரிஸ்டுக்குக் கைத் தசை வெட்டுப்பட்ட மாதிரி. அது போதாதென்று, மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நோய் எதிர்ப்பை அடக்குகிற மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். வேனில் ஊர் ஊராகப் போய், புகையும் வேர்வையும் நிறைந்த சின்ன அரங்குகளில் தினமும் நிற்கிறவருக்கு அது எத்தனை ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் அவர் மேடைக்குத் திரும்பிவிட்டார். யாரோ ஒருவர் தந்த ஈரல்.

2018-இல் பிரையன் பேட்டன் விலகினார், அதன்பின் ஒற்றைக் கிட்டாரோடு நான்கு பேர். இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. இரண்டு கிட்டார்கள் ஒரே ரிஃபை வாசிக்கும்போது நடு ஒலி அலைவரிசை முழுக்க அடைபட்டுவிடும். மனிதக் குரலின் இடமும் அதேதான், ஆகவே பாடகர் இரைச்சலோடு இடத்துக்குச் சண்டை போட வேண்டும். ஒரு கிட்டார் போனதும் குரலுக்குக் காற்றோட்டம் கிடைத்தது. 2021 மார்ச்சில் வந்த ‘எ ஹிஸ்டரி ஆஃப் நொமாடிக் பிஹேவியர்’ ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். ஜிம்மி பவரின் ஒற்றைக் கிட்டார் ஒரு பக்கம் ஊளையிட, பேஸ் கீழே தரையைப் பிடிக்க, குரல் நடுவில் வெட்டவெளியாக நிற்கிறது. ‘ஹை ரிஸ்க் டிரிக்கர்’ பாட்டில் வரிக்கு முன் அவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரிகிறது. தையல் போட்ட வயிற்றிலிருந்து வருகிற மூச்சு என்று நானே கற்பனை செய்துகொள்ளக்கூடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஆல்பத்தில் நடுப்பகுதிப் பாட்டுகள் இரண்டு மூன்று ஒன்றுபோலவே இருக்கின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும். குரல் மட்டும் சலிக்கவில்லை.

துன்பம்தான் இந்தக் குரலைத் தந்தது என்று நம்பி, தன்னைக் கெடுத்துக்கொண்டால் தனக்கும் அது வரும் என்று நினைக்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். போதையில் இருந்தவர்கள் ஊர் உலகத்தில் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் ஸ்னேருக்கு இத்தனை நுட்பமாகத் தாமதிப்பதில்லை. வில்லியம்ஸும் பவரும் முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே அறையில் ஒரே வேகத்தில் சேர்ந்து வாசித்தார்கள், வந்த டிரம்மர்களுக்கும் அதைக் கடத்தினார்கள். குரலின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதுதான். பழக்கங்கள் எல்லாம் சேர்ந்து அவருடைய ஈரலைத்தான் வாங்கிக்கொண்டன.

இந்த இசை புதிது என்கிறவர்களுக்கு: 1993 ஆல்பத்தில் தொடங்குங்கள், பிறகு 2014-க்குத் தாவுங்கள், ‘டோப்சிக்’ அதற்கப்புறம். முதல் ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், அது காது பழகியவர்களுக்கு. இயர்போனில் கேட்காதீர்கள், ஸ்பீக்கரில் போட்டு அறையில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், பேஸ் உடம்பில் பட வேண்டும். முதல் தடவை குரலைப் பின்தொடர வேண்டாம், ஸ்னேர் எங்கே விழுகிறது என்பதைப் பிடியுங்கள். அது பிடிபட்டால் குரல் எவ்வளவு பின்னால் வருகிறது என்பது தானாகத் தெரியும்.

கத்தவே ஆசைப்படுகிறவர்களுக்கு: வில்லியம்ஸின் ஒலியை நகல் எடுக்காதீர்கள், தொண்டை தாங்காது. ஒலிக்கு ஒரு ஆசிரியரைப் பிடியுங்கள், இடத்துக்கு வில்லியம்ஸைக் கேளுங்கள். 60 தட்டில் மெட்ரோனோம் வைத்து, கத்தாமல், வெறும் பேச்சில் வரிகளைப் பின்னால் போட்டுப் பழகுங்கள். வெந்நீர் குடியுங்கள். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பாகவே இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், நாண்களைக் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.